டாக்டரிடம் சொன்ன பதில்

"குடிப் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் ஆத்மநாதன் கேட்டது ஆதப்பனிடம். பதில் சொன்னது அவர் மனைவி கண்ணம்மை.

"மலாயாவுல இருந்தப்ப உண்டுங்க."

1961 தை மாதம். ஆதப்பனுக்கு வலது விலாவுக்குக் கீழே கல்லை வைத்தது போல் ஒரு கனம். இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. ராயவரத்திலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்திருந்தார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

ஆதப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

கல்யாணமான பிறகு அவர் மலாயாவின் ஈப்போ ஊருக்கு மூன்று முறை போயிருந்தார். ஒவ்வொரு முறையும் மூன்று வருஷம், வட்டிக்கடையில். மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. அங்கே இருந்த விதத்தை அவர் சொன்னதில்லை, அவள் கேட்டதில்லை. போனவர்கள் எல்லாருமே குடித்தார்கள் என்பது அந்தத் தெருப் பெண்களுக்குக் கேட்காமலே தெரிந்த செய்தி. டாக்டரிடம் மறைத்தால் நோய் தீராது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

குடியால் வந்த ஈரல் நோய் என்று வைத்தியம் நடந்தது. ஊசி, மாத்திரை, உப்பில்லாத சோறு.

"இதை மாடுகூடத் திங்காது, கண்ணம்மை."

"ஈப்போவுல என்னென்னமோ குடிச்சீங்கள்ல? இப்ப இதையும் குடிங்க" என்று மோரை நீட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

ஐந்து மாதத்தில் அந்தக் கனம் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் ஆத்மநாதன் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்து, ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் பெரிய டாக்டர் கண்ணம்மையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புற்றும்மா. ஈரலிலேயே தொடங்கினது."

"குடியாலயாங்க?"

"இல்லை. குடிச்சுக் கெட்ட ஈரல் கரடுமுரடா இருக்கும். கட்டி இருக்கிற இடம் போக, இவர் ஈரல் சின்னப் பிள்ளை ஈரல் மாதிரி வழவழன்னு இருக்கு. நல்ல ஈரல்லயும் அபூர்வமா இது வரும். குடின்னு சொன்னதால யாரும் கட்டியைத் தேடலை."

"எடுத்திர முடியாதுங்களா?"

"சின்னதா இருந்தப்ப வெட்டி எடுத்துப் பார்த்திருக்கலாம். மீதி ஈரல் தாங்கியிருக்கும். இப்பப் பெரிய ரத்தக் குழாயைச் சுத்திக்கிச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணம்மை தலையாட்டினாள். வராந்தாக் குழாயில் கூஜாவைப் பிடித்தாள். நிரம்பி வழிந்து புடவை நனைந்த பிறகும் மூடத் தோன்றவில்லை. தண்ணீர் பிடிக்கப் பின்னால் நின்றவள், "ஆச்சி, நெறஞ்சு போச்சு" என்று தானே மூடினாள்.

அவள் கட்டிலருகே திரும்பியதும், "என்னவாம்?" என்றார் ஆதப்பன்.

"நீங்க குடிக்கலையாம்."

"அது எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லலை?"

"டாக்டர் முன்னால ஒன்னையப் பொய்க்காரி ஆக்கவா? எதனால வந்தாலும் ஈரலுக்கு மருந்து ஒண்ணுதானேன்னு இருந்துட்டேன். அப்புறம் சொன்னா மட்டும் நம்பியிருப்பியா?"

அவள் மிச்சத்தையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வேறு யார் வீட்டுச் செய்தியோ போல இருந்தது. அவர் போர்வையின் நூலை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ டாக்டர்கிட்டச் சொன்னது ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றார் கடைசியில்.

மறுநாள் அவருடைய அக்கா காமாட்சி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். தம்பியின் மெலிந்த கையைத் தொட்டதும் அழுதாள்.

"அந்த மலாயாத் தண்ணி ஒன்னைய இப்படி ஆக்கிருச்சேடா!"

ஆதப்பன் மனைவியைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"அவுக ஒருநாளும் குடிச்சதில்லை, ஆச்சி" என்றாள் கண்ணம்மை. "குடிச்சாகன்னு டாக்டர்கிட்டச் சொன்னது நான். அதை வச்சுத்தான் வைத்தியம் பார்த்தாக. அதுல அஞ்சு மாசம் போச்சு."

"ஏன்டி..." என்று காமாட்சி தொடங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

ஆதப்பன் மெல்ல நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார்.

"ஒக்காரு. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கே."

உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டே, "ஈப்போவுல சாயங்காலம் என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"சமையக்காரர் இல்லாத நாள்ல நான்தான் ரசம் வைப்பேன். எனக்கு ரசம் வைக்கத் தெரியும், ஒனக்குத் தெரியுமா அது?"

"தெரியாது" என்றாள் கண்ணம்மை.