ஈரக் கை

தவளையைக் கண்டுவிட்டால் என் மனைவிக்குக் கட்டிய கணவன் பக்கத்தில் நிற்பதே மறந்துபோகும். புகாராகச் சொல்லவில்லை, பழகிவிட்டது. தவளை ஆராய்ச்சியில் பெரிய பட்டமெல்லாம் வாங்கியவள். ஆனால் யாருக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: தவளையைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். அது தோலாலும் மூச்சுவிடும் உயிர், காய்ந்த கை பட்டால் தாங்காது. எங்கள் மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையை நீட்ட, இவள் "ஒரு நிமிஷம்" என்று டம்ளர் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டுதான் வாங்கினாள். குளிர்ந்த கை பட்டுக் குழந்தை வீறிட்டது. நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு குளம். இவள் ஆராயும் சின்னத் தவளைகளுக்கு ஊரில் அது ஒன்றுதான் மிச்சம். அதை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்டப் பார்த்தபோது, இவள் வீடு வீடாக ஏறி இறங்கித் தெருக்காரர்களைச் சேர்த்தாள். "தவளைக்கெல்லாம் சங்கமா?" என்று சிரித்த பிளம்பர்தான் பின்னால் சங்கத் தலைவர் ஆனார். சலவைக்கடை அக்கா சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குளத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது இவளுக்கு வெளியூரில் தலைமை ஆய்வகத்தில் பதவி. வழியனுப்பச் சங்கத்தார் குளக்கரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செருப்பை மாட்டியவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் போயிட்டா குளத்தை யாரு பாத்துப்பாங்க? வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"அதான் அத்தனை பேர் இருக்காங்களே."

அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

போய்ப் பார்த்தால் குளம் பளபளவென்று இருந்தது.

"உங்களுக்காகக் காலையில இருந்து சுத்தம் பண்ணினோம் டாக்டரம்மா. ஒரு பாசி விடல" என்றார் பிளம்பர்.

என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. மழைக்காலத்துக்கு முன் வருடாவருடம் கொஞ்சம் பாசி எடுப்பார்கள்தான். ஆனால் இந்த முறை மழை முந்திக்கொண்டு ஒரு நாள் பெய்துவிட்டிருந்தது. தவளைகளும் முந்திக்கொண்டு முட்டையிட்டிருந்தன, அந்தப் பாசியில்.

"எடுத்த பாசி எங்கண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

சுவரோரம் வெயிலில் குவியலாகக் கிடந்தது. கை காட்டிய பிளம்பர் பாதியிலேயே கையை இறக்கினார். "மழை பெஞ்சதை மறந்துட்டோமே" என்றார்.

என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். அதற்குள் சலவைக்கடை அக்கா சோப்புப் போக அலசிவைத்திருந்த ஈரப் போர்வைகளை அள்ளிவந்து குவியலை மூடிவிட்டார். துவைக்கக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பிளம்பர் வாளிகளில் குளத்துத் தண்ணீரை மொண்டுவந்தார்.

"நீங்க உக்காருங்க டாக்டரம்மா. நாங்க பாத்துக்குறோம்" என்றார் அக்கா.

அவள் உட்கார்ந்தாள். சும்மா உட்காருவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என் கையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்துகொண்டேன்.

குவியலைச் சுற்றி எல்லோரும் குந்தினார்கள். கையை நனைப்பதும், பாசியை இழை இழையாகப் பிரிப்பதும், முட்டை இருந்ததை வாளியில் விடுவதுமாக மத்தியானம் கழிந்தது. வாங்கிவைத்த மாலை நாற்காலியிலேயே வாடியது. மேலே கிடந்த முட்டைகள் காய்ந்து செத்திருந்தன. அடியில் ஈரத்தில் இருந்தவை பிழைத்திருந்தன. அவற்றைப் பாசியோடு குளத்தில் விட்டபிறகு பிளம்பர் வந்து நின்றார்.

"பாதிக்கு மேல போச்சு டாக்டரம்மா. எங்க தப்புதான். இனி மழை பெஞ்சுதுன்னா குளத்துல கையே வைக்க மாட்டோம்."

"தெரியும்ணா" என்றாள் இவள்.

கிளம்பும்போது சலவைக்கடை அக்கா அவளை அணைக்க வந்தார். பாதி வழியில் நின்று, திரும்பிப் போய், வாளியில் இரண்டு கைகளையும் முக்கினார். பிறகு வந்து அந்த ஈரக் கைகளால் என் மனைவியின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். தான் செய்தது அவருக்கே தெரியவில்லை.

என் மனைவி அப்படியே அழுதாள். தெருமுனை தாண்டியும் முகத்தைத் துடைக்கவில்லை.

"எந்த டிரெயின்ல போகணும்னு பாருங்க" என்றாள்.