அந்தப் பக்கத்து ஆள்

இருட்டு இன்னும் விலகவில்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் மரத்தின் பட்டை தெரிந்தது. முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை இழுத்து உரித்து இடுப்புப் பையில் போட்டாள் தங்கபாய். கத்தியைச் சாய்த்து இழுத்தாள். மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. அதன் பின்னால் ரப்பர் பால் துளிர்த்து, சற்றுத் தயங்கி, சரிவில் ஓடி, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைக்குள் சொட்டியது. அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். கழுத்தில் கொசு மொய்த்தது. அடிக்கக் கை ஒழியவில்லை.

மேற்குச் சரிவு அருமநாயகத்தின் பங்காக இருந்தது. அவன் செத்த பிறகு அதையும் இவள்தான் வெட்டுகிறாள். அவன் நெட்டையன். அவன் வெட்டி வந்த பட்டை இவளுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் குதிகாலை உயர்த்திக் கொண்டு, புருஷனைத் திட்டிக்கொண்டே கத்தியை இழுத்தாள். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அழுகைதான் வரவில்லை. அழ உட்கார்ந்தால் முதலில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. குடித்தவன்மேல் கோபம், குடிக்கக் கொடுத்தவன்மேல் கோபம். எது யார்மேல் என்று பிரிக்க முடியாமல் நெஞ்சுக்குள் பாலும் ஆசிடும் கலந்ததுபோல் திரைந்து கிடந்தது.

போன மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுச் சாலையோரத்து வெயிட்டிங் ஷெட்டில் அவன் கிடந்தான். காலையில் ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டி எழுப்பியபோது உடம்பு குளிர்ந்திருந்தது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முந்தின நாள் மத்தியானம் ரப்பர் ஷீட் அடித்து முடித்துவிட்டு, முதலாளி ராஜதாசின் பாருக்குப் போனவன் அவன். பார் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிறது. வீடும் குன்னத்துகாலில், இந்தப் பக்கம்தான். வெயிட்டிங் ஷெட்டோ நேர் எதிர்த்திசையில்.

நிற்க முடியாத அளவு குடித்திருந்ததாக ஊரே சொன்ன ஒரு மனிதன் எதிர்த்திசையில் அவ்வளவு தூரம் எப்படி நடந்தான்? இதைத்தான் அவள் கேட்டுத் திரிந்தாள்.

அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில், "ஆளும் கேரளா, குடிச்சதும் கேரளா. அங்க போய்க் கேளும்மா" என்றார்கள். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில், "பாடி கிட்டியது தமிழ்நாட்டில். இது நம்முடெ கேஸ் அல்ல" என்றார்கள். மறுபடி அங்கே போனாள், மறுபடி இங்கே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வெயிட்டிங் ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு இடத்திலும் பேச்சை முடிக்க ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்: குடிகாரன். அதைச் சொன்னபின் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சபைக் கமிட்டிக்காரர்கள்கூட, நாலு பேர் அறிய இதைக் கிளற வேண்டாம் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சொல்லை அவளும் எத்தனையோ சாயங்காலங்களில் அவன் முகத்தில் எறிந்திருக்கிறாள். எறிந்துவிட்டுச் சோறும் போட்டு வைப்பாள். இவர்கள் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு ஒருநாள் ராஜதாஸ் வந்தார். தோட்டமும் அவருடையது, பாரும் அவருடையது. ஆசிட் நெடிக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தங்கபாயி, நீ இப்பவும் ஸ்டேஷனுக்கு நடக்குதியாமே. எதுக்காக்கும்?"

"அவரு எப்படி அங்க போனாருன்னு தெரியணும் முதலாளி."

"நடந்து போனான். எனக்க ஆளுவ பாத்திருக்கானுவ."

"நடக்க முடியாத ஆளுக்கு பின்னயும் ஊத்திக் குடுத்தது எதுக்கு?"

"கடைக்கு வாறவனுக்க வாயை நான் பொத்த முடியுமா? நான் என்ன பாஸ்டரா?"

ரோலரைச் சுற்றிக்கொண்டிருந்த குஞ்சம்மா நிமிராமலே சொன்னாள்: "பாஸ்டரு ஊத்திக் குடுக்க மாட்டாரு முதலாளி."

சுற்றி நின்ற வெட்டுக்காரிகள் சிரித்துவிட்டார்கள். ராஜதாஸ் கைக்குட்டையை எடுத்தார். "சிரிங்க. ரப்பருக்கு விலை இல்ல. மரத்தை எல்லாம் முறிச்சு வித்துட்டு தோட்டத்தைச் சும்மா போட்டா, எத்தற வீட்டுல அடுப்பு அணையும்? மனசிலாயோ?" பிறகு குரலைத் தணித்தார். "தங்கபாயி, மேற்குச் சரிவை நீயே வச்சுக்க. உனக்க மவ பின்சி தனுவச்சபுரத்துல படிக்கா இல்லியா, படிக்கட்டு. இந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்."

கார் போன பிறகும் அவள் அசையவில்லை. புருஷன் பங்கை முதலாளி தனக்குத் தந்தது இரக்கத்தில் என்று நினைத்து, அந்த மனுஷனுக்காக ஒருநாள் ஜெபம்கூடப் பண்ணியிருந்தாள். கையிலிருந்த ஈர ஷீட்டைக் கொடியில் போட்டாள். அது வழுகி மண்ணில் விழுந்தது.

சில நாள் கழித்து, வெயில் ஏறும் நேரத்தில் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்கிடையே ஓர் இளைஞன் வந்து நின்றான்.

"சேச்சி, நான் ரெஜித். பார்ல சப்ளையர்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அருமநாயகம் சேட்டன் பார்ல பாத்ரூம் படியில சறுக்கி விழுந்தாரு. தலை அடிச்சு, காதுல ரத்தம் வந்துது. ஆஸ்பத்திரிக்கு எடுப்போம்ணு சொன்னேன். மேனேஜர் கேக்கல்ல, போலீசை விளிச்சாரு. ஜீப்புல வந்தவங்க, வீடு எவிடெணு கேட்டாங்க. சேட்டன் தமிழ்ல என்னமோ சொல்லிட்டே கெடந்தாரு. 'ஆளு தமிழனாணு, அந்தப் பக்கம் கொண்டு போடு'ணு சொல்லிட்டாங்க. சரக்கு ஆட்டோவுல ஏத்தினோம். ஜீப்பு முன்னால போச்சு."

"ஏத்தினோம்ணா?"

"தலைப்பக்கம் அகிலேஷ் பிடிச்சான். காலு நான்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். நகம் வெட்டிய, சுத்தமான கைகள்.

"எலே, போற வழியில ஆஸ்பத்திரி உண்டே. அதுக்க முன்னால தானே ஜீப்பு போச்சு?"

அவன் தலை குனிந்தான். "எழும்பாத ஆளுவள எப்பவும் அந்தப் பக்கம் தான் கொண்டு போடுவோம் சேச்சி. அங்க உள்ளவங்க இங்க கொண்டு போடுவாங்க. விடிஞ்சா அவங்களே எழும்பிப் போவாங்க. இவரும் போவாருணு…"

"என்ன சொன்னாரு? தமிழ்ல என்ன சொல்லிட்டே கெடந்தாரு?"

"'தங்கம், மழை வருது, சிரட்டையக் கவுத்து'ணு. மழை ஒண்ணும் இல்ல சேச்சி. நல்ல வெயிலு."

அருமநாயகத்துக்கு அவளைவிட நன்றாக மலையாளம் வரும். ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அவனைத்தான் பேச விடுவாள். காய்ச்சல் கண்டால் மட்டும் தமிழில் பிதற்றுவான். பிறந்து வளர்ந்து, மரம் வெட்டி, ஓட்டுப் போட்ட மண்ணில், வலியில் வந்த பேச்சைக் கேட்டு அவனை அந்நியன் ஆக்கிவிட்டார்கள். அந்த நேரத்திலும் சிரட்டையில் நிற்கும் முதலாளியின் பால், வாளியில் ஊற்றுமுன் மழையில் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அவன் கிடந்து பதறியிருக்கிறான்.

"இப்ப எதுக்கு வந்தே?"

"கேஸ் வந்தா நாங்க ரெண்டு பேரும் எங்க இஷ்டத்துக்குச் செஞ்சதுணு சொல்லணுமாம். மேனேஜர் சொல்லுதாரு. கேமரா அண்ணைக்கு ஓடல்லியாம்."

"அப்பம் உனக்க தலையக் காப்பாத்த வந்திருக்க."

"அதுவும் உண்டு சேச்சி."

"போ. எனக்க முன்னால நிக்காத."

அவன் போனான். அன்று முழுவதும் அவனை வெறுக்க முயன்றாள். முழுசாக முடியவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் எளிதாக வெறுத்திருக்கலாம். அதுவும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானே.

குஞ்சம்மாதான் வெட்டுத் தொழிலாளர் யூனியனில் இருந்தவள். தங்கபாயை நெய்யாற்றின்கரைக்கு, யூனியனுக்காக வழக்காடும் வக்கீல் ஸ்ரீகுமாரியிடம் கூட்டிப் போனாள்.

"குடிச்சவனும் ஆளு தான்," என்றாள் ஸ்ரீகுமாரி. "கடைக்குள்ள விழுந்து தலை அடிச்சவனை ஆஸ்பத்திரிக்கு எடுக்காம வெளியே கொண்டு போட்டதுக்கு பார்க்காரன் பதில் சொல்லணும். போலீஸ் வந்து பாத்து, இன்ன இடத்துல கொண்டு போடுணு சொன்ன பெறகு, அந்த உயிருக்கு போலீசும் பொறுப்பாக்கும். ரெண்டு ஸ்டேஷனும் எல்லையைக் காட்டித் தப்ப முடியாது. ஆனா நேர்ல பாத்தவங்க வாய் தொறக்கணும். ஒருத்தன் மட்டும் பேசினா அவன் தலையில எல்லாத்தையும் கட்டுவாங்க. எல்லாரும் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குஞ்சம்மாவின் முற்றத்தில் கூடினார்கள். வெட்டுக்காரிகள் ஒரு பக்கம். ரெஜித், அகிலேஷ், பாரில் தரை துடைக்கும் சரசம்மா மறுபக்கம். நடுவில் கோழி மேய்ந்தது.

"கொண்டு போட்டவனுவளுக்குச் சாயா வேறயா?" என்றாள் ஒரு வெட்டுக்காரி, குஞ்சம்மா தம்ளர் நீட்டுவதைப் பார்த்து.

அகிலேஷ் எழுந்துவிட்டான். "நாங்க போறோம். வேலை போனா நீங்களா தருவீங்க?"

"இரு மக்கா," என்றாள் குஞ்சம்மா. "வேலை எங்களுக்கும் போவும். ஒரே முதலாளி தானே."

தங்கபாய் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அண்ணைக்கு ஒருத்தனாவது மாட்டேன்ணு சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாரு."

"ஒருத்தன் சொன்னா அவனை வெளிய தள்ளிட்டு, காலைப் பிடிக்க வேற ஒருத்தன விளிப்பாங்க சேச்சி," என்றான் ரெஜித்.

"எல்லாரும் சொல்லியிருந்தா?"

மூலையிலிருந்து சரசம்மா சொன்னாள்: "படியில கெடந்த ரத்தத்தக் கழுவினது நானாக்கும். என் கையாலயே கழுவிட்டேன். நானும் ஸ்டேஷனுக்கு வாறேன்."

அகிலேஷ் மெல்ல உட்கார்ந்தான். தங்கபாய் குஞ்சம்மாவின் கையிலிருந்த தம்ளரை வாங்கி ரெஜித்திடம் நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இனி யாரையும் எல்லை தாண்டித் தூக்கிப் போவதில்லை என்று பார்க்காரர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவரை வெளியே தள்ளினாலும் ஷீட் அடிப்பதில்லை என்று வெட்டுக்காரிகள் சொன்னார்கள்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் மரம் வெட்டினார்கள். பால் எடுக்கும் நேரத்தில் வாளிகளைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்துவிட்டு இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

"பின்னயும் வந்நோ?" என்றார் மேசையிலிருந்த போலீஸ்காரர். ஆட்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

இத்தனை நாளும் அவரிடம் மலையாளத்தில்தான் கெஞ்சியிருந்தாள் தங்கபாய். இன்று தமிழில் ஆரம்பித்தாள்.

"மலையாளத்தில் பற. நினக்கு அறியாமல்லோ," என்றார் அவர். அவளுக்கு அது வரும் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்கு அறியும் சார். எனக்க மாப்பிளைக்கும் அறியும். தலை ஒடஞ்சு கெடந்தப்பம் வாயில வந்தது தமிழாக்கும். அதுக்காக அவரை அந்தப் பக்கத்து ஆளுணு தள்ளிட்டிய. நான் இந்தப் பக்கத்து ஆளாக்கும். இந்தப் பக்கம் நிண்ணு தமிழ்ல சொல்லுதேன், எழுதுங்க."

போலீஸ்காரர் தமிழ் புரியாதென்று பேனாவை மூடினார். "எனிக்கு மனசிலாவுன்னில்ல."

ரெஜித் முன்னால் வந்தான். "ஞான் மலையாளத்தில் பறயாம் சார். காலு பிடிச்சது ஞானாணு. கொண்டு போடான் பறஞ்சது ஜீப்பில் வந்நவர்." அகிலேஷ் அவன் பக்கத்தில் வந்து நின்றான். சரசம்மாவும் நகர்ந்து வந்தாள்.

போலீஸ்காரர் அவர்களை மாறி மாறிப் பார்த்தார். "எஸ்.ஐ. இல்ல. நாளை வரு."

"அவரு வாறது வரைக்கும் இருப்போம்," என்றாள் குஞ்சம்மா. எல்லோரும் வராந்தாத் தரையில் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் ஆரியங்கோட்டுப் பக்கம் வானம் கறுத்து வந்தது. காற்றில் ஈர வாடை. தங்கபாயின் கால்கள் தாமாகவே மடங்கி எழப் பார்த்தன. இத்தனை வருஷத்துப் பழக்கம் அது. மரத்துக்கு மரம் பால் நிறைந்து நிற்கிற சிரட்டைகள் கண்ணுக்குள் வந்தன.

"மழை வருதே, சிரட்டை எல்லாம் தொறந்து கெடக்கு," என்றாள் பக்கத்திலிருந்தவள் பதறி.

தங்கபாய் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டு. முதலாளி வந்து கவுத்தட்டு."

முதல் துளிகள் ஸ்டேஷன் முற்றத்துப் புழுதியில் விழுந்தன. சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. யாரும் எழவில்லை. நனையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.