மோதிரம் போட்ட கை

அந்த வீடியோக்களில் தெரிவது என் கைகள். இதை இனி யாரிடம் சொல்லியும் பயனில்லை. விரலில் கிடப்பது அக்காவின் மோதிரம்.

அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள். நான் சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தேன். அவளுடைய பிரசவ விடுப்பு முடிகிற நேரம் பார்த்து என் கம்பெனியை மூடினார்கள். "வெளியாள்கிட்ட பிள்ளைய விட மனசு வரலடி. நீ வந்துடேன்" என்றாள். வந்தேன். சித்தி என்பது சம்பளம் கேட்க முடியாத உறவு.

அக்கா மகளை நான் வாண்டு என்று கூப்பிடுவேன். இரண்டு வயது ஆவதற்குள்ளேயே வயதுக்கு மீறிய வாய். ஆனால் ஈரமாக, பிசுபிசுப்பாக எதுவும் அவள் மேல் படக்கூடாது. ஒரு பருக்கைச் சோறு விரலில் ஒட்டினால் வீடு இரண்டுபடும். குழந்தை டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு தொட்டியில விதவிதமா போட்டுக் குடுங்க, அளைஞ்சு விளையாடட்டும். அவசரப்படுத்தாதீங்க" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வங்கிக்குப் போனாள். அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

துணி ஊறவைக்கும் அகலத் தொட்டியைக் கழுவி எடுத்தேன். கீழே பழைய போர்வை ஒன்றை விரித்தேன். சிந்தியதெல்லாம் நாலு முனையையும் பிடித்துத் தூக்கினால் தொட்டிக்கே திரும்பிவிடும். முதலில் காய்ந்த அரிசி. கலர்ப்பொடியும் கொஞ்சம் வினிகரும் விட்டு டப்பாவில் குலுக்கிக் காயவைத்தால் சாயம் கையில் ஒட்டாது. கரண்டி, புனல், ஜாடி மூடிகள். வாண்டு ஒரே ஒரு விரலால் தொட்டுவிட்டு, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என் கையை அரிசிக்குள் புதைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். கை எங்கே போயிற்று என்று ஒருநாள் அவளே தோண்டினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அரிசியிலிருந்து ஊறவைத்த ஜவ்வரிசிக்கு வந்தோம், அதிலிருந்து சோளமாவுக் கரைசலுக்கு. அது பிடித்தால் கட்டி, விட்டால் விரலிடுக்கில் வழியும். அதற்குள் அவள் முதல்முறையாக இரண்டு கையையும் விட்டபோது நான் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் சொன்னதும் அக்கா, "அய்யோ, வீடியோ எடுத்திருக்கலாம்ல!" என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் எடுத்தாள். தொட்டியும் வாண்டும் என் கைகளும் மட்டும். இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள். "அம்மாவோட கை என்ன பொறுமை!" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அக்கா அதை எனக்கே வாசித்துக் காட்டினாள். "அவங்களா நினைச்சுக்கிறாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். "போட்டோவுல எல்லாம் நான் இதைப் போட்டிருக்கேன்ல. வீடியோவுல கைய மட்டும் மொட்டையா பாத்தா கேப்பாங்கடி." நகப்பூச்சையும் அவளே போட்டுவிட்டாள். கத்தரி பிடித்துப் பருத்த விரல் என்னுடையது. மோதிரம் உள்ளே போயிற்று, வெளியே வரமாட்டேன் என்றது. "கெடக்கட்டும் விடு. ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டற வேலை மிச்சம்" என்றாள். அக்காவின் தாராளத்துக்கு எப்போதும் குறைவில்லை.

எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் பகல் முழுக்க வாண்டு என்னிடம் இருந்தாள். ஊர் யாரை வேண்டுமானாலும் புகழட்டும், பிள்ளை என்னோடு இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீடியோக்களைப் பார்த்துவிட்டு, புதிதாகத் திறந்த மழலையர் பள்ளி ஒன்று அக்காவை அழைத்தது. பெற்றோர்கள் முன்னால் நேரில் செய்துகாட்ட வேண்டுமாம். அதற்காகக் கடையில் அதே மாதிரி கவரிங் மோதிரம் ஒன்று வாங்கினாள். தன்னுடைய மோதிரத்துக்குத் தானே போலி வாங்கிய பெண் உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள். தொட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். அறை வாசலில் அக்கா நின்றாள். "நீ உள்ள வராதடி. உன்னப் பாத்தா உங்கிட்டயே ஓடிவந்துடுவா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அக்கா நன்றாகத்தான் பேசினாள். பேசிவிட்டு, வீடியோவில் நான் செய்வது போலவே கையை அரிசிக்குள் புதைத்தாள். வாண்டு ஆசையாகத் தோண்டினாள். கை கிடைத்தது. திருப்பிப் பார்த்தாள். மெல்லிய, வழவழப்பான கை. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் தோண்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா தேடற? அம்மா கை இதோ இருக்கே."

"சித்தி கை" என்றாள் வாண்டு. மைக் பக்கத்திலேயே இருந்தது. "சித்தி கை எங்க?"

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "அப்ப வீடியோவுல வர்றது யாரு?" என்று கேட்டாள். வாண்டு தொட்டியின் அடிவரை தோண்டிப் பார்த்துவிட்டு அழுதாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு வீடு திரும்பும்வரைதான் ஆயுசு.

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அக்கா வந்து உட்கார்ந்தாள். "உன் மேல தப்பில்லடி. ஆனா என் பிள்ளைக்கு என் கையே தெரியல. நீ இருக்கறவரைக்கும் அவ எங்கிட்ட ஒட்டமாட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துலயே சேத்துடறேன். நீயும் எத்தன நாள்தான் எங்களுக்காகவே கெடப்பே, உன் வாழ்க்கையையும் பாரு."

"அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்க்கா."

"கொஞ்ச நாளைக்கு வேண்டாமே. அவ மறக்கணும்ல."

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பெற்றவளுக்கும் வலிக்கும்தான். அதைப் பார்த்து இரங்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

மறுவாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அக்கா என்னைப் பார்க்காமல், "மோதிரம்..." என்றாள்.

எண்ணெய் போட்டுப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியில் அக்கா அந்தத் தொட்டியிலேயே சோப்பு நுரை கலக்கிக் கொண்டுவந்தாள். தொட்டியைப் பார்த்ததும் வாண்டு ஓடிவந்து எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பருக்கைக்கு ஊரைக் கூட்டியவள், முழங்கைவரை நுரைக்குள் விட்டு என் கையைத் தேடிப் பிடித்தாள். மோதிரம் விரலுக்குத் தட்டுப்பட்டதும் புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். திருகினாள், இழுத்தாள், வழுக்கியதும் சிரித்தாள், மறுபடி இழுத்தாள். அக்கா போனை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

மோதிரம் கழன்றது. "வந்துச்சு!" என்று வாண்டு தூக்கிக் காட்டினாள். அக்கா வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சித்தி" என்றாள் வாண்டு.

நான் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தும்போதும் நுரைக்குள் என் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.