பெரியவரிடம் சொல்லக் கூடாத ஒன்று

எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் நாய்தான். பதிமூன்று வயது. மூக்கு நரைத்துவிட்டது, இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, பின்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டுதான் அடியெடுத்து வைக்கும். அவரை வா, போ என்று யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் இருக்கும் இரண்டு பேரோடும் பேச்சுவார்த்தை உள்ள ஒரே ஆள் அவர்தான்.

இரண்டு பேர் என்றால் நானும் அக்காவும். மூன்று வருஷத்துக்கு முன்னால், என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்த மனிதரிடம் அக்கா சிரித்துக்கொண்டே, "என் தங்கச்சிக்குக் கொஞ்சம் வாய் நீளம், பார்த்துக்குங்க" என்றாள். அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அன்றோடு நான் அவளிடம் பேசுவதை விட்டேன். அவளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா, அவளும் விட்டாள்.

ஆனால் சமையலறை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. எத்தனை நாள் ஊமையாக இருப்பது? அதற்குத்தான் பெரியவர். "பெரியவரே, மோட்டாரை யாராவது நிறுத்துனா தேவலைன்னு சொல்லுங்க" என்பாள் அக்கா. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார். "நிறுத்தி அரை மணியாச்சு, காது கேக்கலையான்னு கேளுங்க" என்பேன். தலை அந்தப் பக்கம் திரும்பும். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

போன வாரம் அவர் வயிற்றில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் வாந்தி, அதன் பின்னாலேயே வயிற்றுப்போக்கு. நான் வீட்டிலேயே சோபா உறை தைக்கிறவள். மிஞ்சிய துணியெல்லாம் அவருக்கு விரிப்பாயிற்று. ஒன்றை அலசிப் போடுவதற்குள் அடுத்தது நனைந்துவிடும். அழுக்குப் பண்ணிவிட்டோம் என்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பெரியவரே, ஆபரேஷன் ஆன வயித்துல முட்டையைத் திணிச்சா அது என்னத்துக்கு ஆகும்னு கேளுங்க" என்றேன்.

"ரொட்டியில வெண்ணெயை அப்பிக் கொடுக்கறது யாருன்னு முதல்ல கேளுங்க" என்றாள் அக்கா.

குமட்டலுக்கு நடுவிலும் அந்தப் பாவப்பட்ட ஜீவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பியது.

வெண்ணெய்க்குள் வலி மாத்திரை இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மாத்திரை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், தையல் போட்ட வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவார். அதனால் பேச்சே எடுக்காமல் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவருக்கு மலம் கறுப்பாகப் போனது. ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்துத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உள்ள ரத்தம் கசியுது. வலி மாத்திரை ஒரு நாளைக்கு ஒண்ணுதானே கொடுத்தீங்க?"

"ஒண்ணுதான். ரொட்டிக்குள்ள வச்சு" என்றேன்.

"ஒண்ணுதான். முட்டைக்குள்ள வச்சு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரொட்டியா, முட்டையா?"

அக்கா ஆபரேஷன் முடிந்த அன்றே மாத்திரையை வாங்கிக் கைப்பையில் வைத்திருந்திருக்கிறாள். மருந்துச் சீட்டு மட்டும் பிரிட்ஜ் மேல் கிடந்தது. இவளாவது வாங்குவதாவது என்று நான் மருந்துக்கடைக்கு ஓடி, என் பங்குக்கு ஓர் அட்டையைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டேன்.

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டீங்களா?" டாக்டரம்மா கோபமாகத்தான் கேட்டார்.

என்னவென்று சொல்வது? எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு தூதர். அவர் காதில் போடக் கூடாத ஒரே விஷயம் அதுதான். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் என் அக்கா. அவள் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. அவள் மேல் பொங்கி வந்த கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே விழுந்தது. அந்த ரொட்டித் துண்டை அவர் எவ்வளவு நம்பி வாங்கித் தின்றார்!

குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சிறுநீரகம் தாங்குமான்னு ரத்த ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும். வயசும் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார்.

மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். முன்னங்காலில் ஊசி குத்தியிருந்த இடத்தில் ரோமத்தை மழித்திருந்தார்கள். அந்தக் காலை அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை அவளும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அக்கா தொண்டையைச் செருமினாள். "பெரியவரே, அவ காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. போய் ஏதாவது சாப்பிட்டு வரச் சொல்லுங்க."

தலை திரும்பவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு குனிந்து அவர் காதருகே, "பெரியவரே" என்றாள். காதுகூட அசையவில்லை. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா நிமிரவே இல்லை.

"அவரை விடுக்கா, அவருக்கு முடியலை" என்றேன். "என்கிட்டயே சொல்லு."