பூரியா, கிழங்கா?

கடிபட்டது பூரியா, கிழங்கா? அரை மணி நேரமாகக் காளியாயியைக் குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரே கேள்விதான்.

இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த வெள்ளை நாய்கள். இரண்டுக்கும் இடது காது மடிந்தே இருக்கும். காலையில் குப்பனூர் ரோட்டுப் பக்கமிருந்து வாயில் எச்சில் ஒழுக ஒரு தெருநாய் தள்ளாடி வந்து, அவளுடைய காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, இரண்டோடும் கட்டி உருண்டுவிட்டு வந்த வழியே ஓடியது. ஒன்றின் கழுத்தில் ரத்தம். அதுவரைக்கும் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

குழப்பியவர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அருள்சாமி. எந்தக் காயத்தைக் கண்டாலும் காப்பித்தூளை அப்புகிற ஆள். கிட்டே போகப் பயந்து, எட்ட நின்றபடி அரைக்கிலோ பொட்டலத்தைப் பிரித்து வீசினார். நாய் சிலிர்த்து உதறியது. மற்றது ஓடிவந்து அதன்மேல் விழுந்து புரண்டது. இப்போது வேலிக்குள் ரத்தக் கறையும் தெரியாமல், மணக்க மணக்க இரண்டு பழுப்பு நாய்கள் வாலாட்டிக்கொண்டு நின்றன.

"கடிபட்டதக் கண்டுபுடிச்சு அடிச்சுப் போட்றோணுமுங்க்கா. வெறி புடிச்சா ஊரே தாங்காது."

"தூளக் கொட்டுன கையத்தான் மொதல்ல ஒடிக்கோணும்" என்றாள் காளியாயி. சொல்லிவிட்டு இரண்டு நாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்டுபிடித்தால் ஒன்று போகும். கண்டுபிடிக்காவிட்டால்?

அவள் கணவன் குழந்தைவேல் ஒரு வழி சொன்னான். பேர் சொல்லிக் கூப்பிடுவது; கடிபட்டது வலியில் வராமல் நின்றுவிடுமாம்.

"பூரி!" இரண்டும் ஓடி வந்தன.

"கிழங்கு!" இரண்டும் குதித்தன.

"சட்னி!" அதற்கும் இரண்டும் வாலாட்டின.

காளியாயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டன. குழந்தைவேல் முடியை விலக்கிப் பார்க்கக் கை நீட்டினான். "தொடாதீங்க! அந்த நாயோட எச்சில் மேலெல்லாம் இருக்கும்" என்று கத்தியவள், கால்நடை டாக்டர் சசிகலாவுக்குப் போன் போட்டு, காப்பித்தூள் வரை நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"யாராச்சும் வெறுங்கையில தொட்டீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதுங்க. கையில கீறல் இருந்து எச்சில் பட்டுதுன்னா மனுசருக்கும் ஊசி போடோணும். ரெண்டுக்கும் தடுப்பூசி போட்டிருக்கா?"

"போன வருசம் போட்டதுக்கு அட்டை இருக்குதுங்க. ஆனா கடிபட்டது எதுன்னுதான் தெரியல."

"ஏனுங்க தெரியோணும்?"

காளியாயி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டும் அதோட உருண்டுச்சில்ல? ஊசிமுனை அளவு பல்லு பட்டாலும் போதும், முடிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. தடுப்பூசி போட்ட நாய அடிக்க வேண்டியதே இல்லீங்க. மொதல்ல அந்தக் காப்பித்தூளக் கழுவுங்க. கிருமியக் காயத்துக்குள்ளயே வெச்சுப் பூட்டியிருக்குது அது. அந்தக் கிருமிக்கு மேல கொழுப்புல ஒரு சட்டை. எண்ணெச் சட்டியில சோப்பு பட்டா பிசுக்கு கழண்டுக்குதல்ல? அப்படித்தான் அந்தச் சட்டையும் கரையும். சட்டை போச்சுன்னா கிருமி செத்துச்சு. ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிசம். கையுறை நொம்ப முக்கியம்."

நாய்களை ஆளுக்கொரு சவுக்கு மரத்தில் குட்டைக் கயிற்றில் கட்டி, வாயைத் துணியால் சுற்றி, முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தேய்த்தார்கள். அருள்சாமி எட்ட நின்று குழாயைப் பிடித்தார். பழுப்பு நுரை பொங்கிப் பொங்கி வழிந்தது.

"அக்கா, நாலு டம்ளர் ஆத்துனா வித்துரலாம் போல."

"மணியப் பாருங்க ரைட்டரே!"

"ஒம்போது நிமிசம்!" கிழங்கோ பூரியோ ஒன்று உதறியதில் அவரும் தலையோடு குளித்தார்.

டாக்டர் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்திறங்கி, இரண்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, எஞ்சியதைக் காளியாயியிடம் விளக்கினார். கழுவியதில் ஒன்றின் காயம் தெரிந்தாலும் மற்றதிலும் கண்ணுக்குத் தெரியாமல் பல் பட்டிருக்கலாம் என்பதால், எதுவென்று கண்டுபிடிக்கவே வேண்டாம். இரண்டையும் கடிபட்டதாகவே வைத்துக் கழுவியாயிற்று. இரண்டுக்கும் இன்று ஒரு ஊசி, மூன்றாம் நாள் ஒரு ஊசி. நாற்பத்தைந்து நாள் இரண்டையும் தனித்தனியாகக் கட்டிவைத்துக் கவனித்தால் போதும்.