கப்ளரைக் கழற்றிய ஞாயிறு

சனிக்கிழமை மத்தியானம் மண் தோண்டும் பேக்கோ இயந்திரத்தின் பக்கெட் கழன்று குழிக்குள் விழுந்தபோது நல்லவேளையாக அழகம்மா உள்ளே இல்லை. தேத்தண்ணி குடிக்க அப்போதுதான் மேலே ஏறியிருந்தாள். குழாய் பொருத்த அவள் குந்தியிருந்த இடத்தில் பக்கெட் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பார்த்த புஷ்பவள்ளி அழகம்மாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. விடுவாளா பின்னே? அழகம்மாவோடு அதே குழியில் இறங்கி வேலை செய்கிறவள் அவள். அந்தப் பேக்கோவை ஓட்டுகிறவன் அவள் புருஷன் பழனியாண்டி.

"கப்ளர் விட்டுடுச்சி மொதலாளி. சனியன் புடிச்ச சாமான்," என்றான் பழனியாண்டி, குத்தகையாளர் ஜூலியஸிடம்.

ஜூலியஸ் அந்தப் பேக்கோவைப் பினாங்கில் பழையதாக வாங்கியபோது கூடவே வந்தது அந்தக் கப்ளர். இயந்திரத்தின் கை நுனியில் இரும்புத் தாடை மாதிரி இருக்கும். ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்தபடியே சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் அழுத்தத்தில் தாடை திறந்து பக்கெட்டை விட்டுவிடும்; வேறொரு பக்கெட்டைக் கவ்விக்கொள்ளும். சொகுசுதான்.

"எனக்கு இது வேணாம் மொதலாளி. பழையபடி ரெண்டு இரும்புப் பின்னு போட்டு பக்கெட்ட நேரா கையில மாட்டிடுறேன்."

"சரிலா, நாளைக்கி நான் பூசை முடிஞ்சி வர்றதுக்குள்ள மாட்டி வையி. லயத்துல தண்ணியில்லாம சனங்க என்னைய ஏசுதுங்க," என்றார் ஜூலியஸ். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு ஒரு வாரமாகவே தண்ணீர் இல்லை.

மறுநாள் காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். பழனியாண்டி பக்கெட்டைச் சமதரையில் விட்டு, வெறும் கப்ளரை மரக்கட்டைகளின்மேல் இறக்கி, எஞ்சினை நிறுத்தினான். லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தைத் தணித்தான். எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி வாயை அடைத்துக் கட்டினான். ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவித் தேடிவிட்டுத்தான் ஸ்பேனரை வைத்தான். புஷ்பவள்ளி அதைப் பார்த்தாள். கப்ளரைப் பிடித்திருந்த பின்களைச் சுத்தியலால் தட்டி எடுத்ததும், எஞ்சினைக் கிளப்பி இயந்திரக் கையைப் பின்னால் இழுத்தான். பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல் போலக் கப்ளர் கட்டைமேல் நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். உடைந்த இரும்பு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கொக்கி தேயவில்லை. பூட்டு வளையவில்லை. எண்ணெய்க் கசிவுகூட இல்லை.

"என்னாங்க, இதுல ஒன்னும் ஒடையலியே?"

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். "சுவிட்ச நாந்தான் தட்டிட்டேன். லைட்டு சுவிட்சுன்னு நெனச்சிக்கிட்டு."

"பட்டப்பகல்ல என்னாத்துக்கு லைட்டு?"

"மேகம் போட்டிருந்திச்சில்ல."

மேகமாம் மேகம்! நேற்று அடித்த வெயிலில் அவள் முதுகுத்தோல் உரிந்துபோயிருந்தது. புஷ்பவள்ளி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். அவனுக்கு இனிப்பு நீர் வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டவனில்லை. மோட்டார்சைக்கிள் விளக்கு சரியில்லை என்று சொல்லி, பொழுது சாய்ந்தால் வண்டியைத் தொடுவதே இல்லை; இந்த வாரம் பகலிலும் அவள்கூட நடந்துதான் வேலைக்கு வந்தான். "கோட்டுல போவுதா, கோட்டுல போவுதா" என்று குழி வெட்டும்போது அவளிடம் ஓயாமல் கேட்டானே, அது கவனம் என்றல்லவா நினைத்தாள் பைத்தியக்காரி!

"பின்னு போட்டுட்டா சுவிட்சே கெடையாது. இனிமே பயமில்ல," என்றான், யாரிடமோ சொல்வது போல.

பக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவில் இயந்திரத்தின் கை இறங்க வேண்டும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்ததும் பின்னைச் சொருக வேண்டும்.

"ஓட்டையில வெரல மட்டும் வுட்டுறாத புள்ள. நறுக்கிடும். கம்பிய வுட்டுப் பாரு."

அவள் இடப்பக்கம் நின்று குரல் கொடுத்தாள். "கீழ... இன்னும் கொஞ்சம்... போதும்!" முதல் பின் இறங்கிவிட்டது. இரண்டாவதற்குச் சுத்தியல் வேண்டியிருந்தது. அது வலப்பக்கம் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தாள்.

"கைய எடு புள்ள," என்றான் பழனியாண்டி.

அவன் இடப்பக்கம் பார்த்துச் சொன்னான். அங்கே யாருமே இல்லை.

"வள்ளி, கைய எடுன்னா! நீ கைய வச்சிக்கிட்டிருந்தா நான் எப்படி அசைக்கிறது?"

லீவரை விட்டுவிட்டுக் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். புஷ்பவள்ளி அவன் வலப்பக்கம் நின்றபடி கையைத் தூக்கி ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் வந்து, அவன் முகத்துக்கு எதிரே ஆட்டினாள். அப்போதும் அவன் கண் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது.

பூனை மாதிரி நடந்து இடப்பக்கம் வந்தாள். "எடுத்துட்டேங்க. அசைங்க."

இரண்டாவது பின்னும் இறங்கியது. போல்ட்டுகளை முறுக்கினார்கள். அவன் பக்கெட்டைத் தூக்கி உலுக்கிப் பார்த்தான், அசையாமல் நின்றது.

ஜூலியஸ் லயத்திலிருந்து அழகம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்களைத் தட்டிப் பார்த்து, "இனிமே விழாதுலா," என்று சிரித்தார். அழகம்மா கைலியைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். "என் தல தப்பிச்சிச்சி தம்பி!" என்று பழனியாண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

எஞ்சின் உறுமியது. புஷ்பவள்ளி குழியின் விளிம்பில் நின்றாள். சொன்னால் சோறு போச்சு. இந்த லீவர்களை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ராத்திரி வீட்டில் நிதானமாகப் பேசிக்கொள்ளலாமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. பக்கெட் எழும்பி, அழகம்மாவின் தலைக்கு மேலே வந்தது.

"அக்கா, மேல ஏறுங்க! மேல வாங்கக்கா!"

"ஏன், என்னா?" என்றார் ஜூலியஸ்.

"அவருக்குக் கண்ணு தெரியல மொதலாளி."

எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. அவள் அடிவயிற்றிலிருந்து மறுபடியும் கத்தினாள். "எம் புருசனுக்குக் கண்ணு தெரியல!"

பழனியாண்டி பக்கெட்டை மெல்லக் குழிக்கு வெளியே நகர்த்தித் தரையில் வைத்தான். எஞ்சினை அணைத்தான். அவன் ஏசுவான், அடிக்கக்கூட வருவான் என்று அவள் நினைத்தாள். அவன் சீட்டிலிருந்து திரும்பி, காலை வெளியே நீட்டிப் படியைத் தேடினான். கால் காற்றில் துழாவியது. அவள் ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துப் படியில் வைத்தாள்.

இறங்கி நின்றவன் முகத்தை இங்குமங்கும் திருப்பினான்.

"அழகம்மாக்கா மேல வந்திடிச்சா?"

கை நிறையச் சேறோடு அவன் முன்னால் நின்றிருந்த அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வந்துட்டேன் தம்பி. இந்தா, ஒன் முன்னாலதான் நிக்கிறேன்."