சிவந்த குடல்

முறுக்கிக் கிடந்த குடலை சர்ஜன் அவிழ்த்துவிட்டார். கன்னங்கரேலென்று இருந்தது மெல்லச் சிவந்தது.

"பொழைச்சுட்டான்! வெளிய அவன் அக்காகிட்ட சொல்லிடும்மா" என்றார். நர்ஸ் சிட்டாகப் பறந்தாள்.

மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்குள்ள என்ன சார் அவசரம்? இனிமேதான் இருக்கு."

ரத்தமில்லாமல் பட்டினி கிடந்த குடல், ரத்தம் திரும்பியதும் நன்றி சொல்லாது; ஊரைக் கூட்டும். அதன் அபாயக் கூச்சல் அதே ரத்தத்தில் ஏறி நுரையீரல், சிறுநீரகம் என்று போகுமிடமெல்லாம் அழற்சியை மூட்டிவிடும்.

நான் சொல்லி வாயை மூடவில்லை, அவன் ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்தது. அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். ஒருவழியாகத் திரையில் எண் நின்றது, இறங்கவில்லை, ஏறவுமில்லை.

வெளியே வந்தேன். அவன் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

"ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சாமே டாக்டர்! சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இனிமே என்ன பயம்?"

அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"ஓட ஆரம்பிச்சதுதான்மா பயம்."